கண்காணியும் கங்காணியும்: ஒரு விவிலியச் சொல்லின் சமுதாய வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

சமயச் சொற்களின் பிறப்பினை ஆராயப் புகுவோரிடம் ஒரு பழக்கம் வேரூன்றியுள்ளது. உலகியற் பொருளிலே தோன்றிய சொல்லொன்று காலப்போக்கிலே தூய்மையுற்று உயர்ந்து, ஈற்றில் ஆன்மிகப் பொருளைச் சென்றடைந்தது என்று காட்டிவிட்டால் தம் பணி முடிந்தது என அவர்கள் கருதுவர். அச்சொல் முன்னர் செய்த தொழில் அடிக்குறிப்பிற்குரிய செய்தியாகிவிடும். ஆயின் கோயிலுக்குள்ளே சென்றுவிட்ட சொல் வயலிலும் களத்திலும் தன் பழைய தொழிலைத் தொடர்ந்து செய்துகொண்டிருப்பதும் உண்டு. அவ்வாறு இருக்கையில், அதனைக் கோயிலிலே கேட்பவரும் களத்திலே கேட்பவரும் ஒரே மக்களாயின் அச்சொல்லின் பொருள் யாது? கிறிஸ்தவ உலகிலே பிஷப் எனப்படும் பதவிக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் வேதாகமம் வழங்கிய 'கண்காணி' என்னும் பெயர்ப்பினை முன்வைத்து இவ்வினாவை ஆராய முற்படுகின்றோம்.

இவ்வினா எமக்கு நூலகத்திலே எழுந்ததன்று. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கி ஏறும் பாதையின் உச்சியிலே ரிவர்ஸ்டன் உள்ளது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடபாகத்துக் கணவாய் அது. 2000 ஆம் ஆண்டிலே அம்மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. காற்றையும் மூடுபனியையும் காணவென இன்று அங்கு பலர் வருகின்றனர். அவர்களது வாகனங்கள் கடந்து செல்லும் கீழ்ச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. நாம் அங்கு சென்றது நாட்டார் பாடல்களைச் சேகரிப்பதற்காக. ஒருநாள் மாலை லயக் காம்பராவொன்றிலே நடைபெற்ற ஜெபக்கூட்டத்தின் வாசலிலே மழைக்கு ஒதுங்கி நின்றோம். இளைஞரான உபதேசியார் ஒருவர் பேதுருவின் முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலே ஒரு பகுதியை வாசித்தார். ஆத்துமாக்களுக்கு மேய்ப்பராகவும் கண்காணியாகவும் இருப்பவரிடம் மக்கள் திரும்பி வந்துவிட்டனர் என்ற கருத்தோடு அப்பகுதி முடிவடைகின்றது. வாசித்து முடிந்ததும், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் கேட்டார்:

"நம்ம கங்காணி மாதிரியா தம்பி?"

"இல்ல பாட்டி, அது வேற. அது மேலான அர்த்தம். பிஷப் ஐயா மாதிரின்னு வச்சுக்கங்க."

மூதாட்டி சற்று யோசித்தார். "எப்பிடியோ தம்பி, அந்தக் கங்காணி அரைப்பேரு போடமாட்டாரு."

கூடியிருந்தோர் சிரித்தனர். உபதேசியாரும் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குச் சென்றார்.

தோட்டவழக்கினை அறியாதார்க்கு இங்கு ஒரு விளக்கம் வேண்டும். தொழிலாளியின் ஒருநாள் வேலை செக்ரோலிலே பதியப்படுவது 'பேர்' எனப்படும். அன்றைக்கெனக் குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்துவிட்டால் 'அரைப்பேர்'. அதாவது பாதிநாட் சம்பளம். நிரையிலே நின்று வேலையைப் பார்ப்பவர் கங்காணி. அவர் வாய் அசைந்தால் பேர் அரையாகும்.

உபதேசியாரின் விளக்கம் பிழையா, மூதாட்டியின் கேள்வி பேதைமையா? சொல்லின் வரலாறு உபதேசியாருக்குச் சார்பாக இல்லை என்பதை முதலிலே கூறிவிடலாம்.

கிரேக்க மூலத்திலே உள்ள சொல் 'எபிஸ்கொபொஸ்'. 'எபி' என்பது மேல். 'ஸ்கொபொஸ்' என்பது பார்ப்பவன். மேலிருந்து பார்ப்பவன், மேற்பார்ப்பவன். ஹோமரின் காவியத்திலே தெய்வங்கள் உடன்படிக்கைகளுக்கு எபிஸ்கொபொஸ்களாக அழைக்கப்படுகின்றன. ஆயின் வரலாற்றுக் காலத்திலே இச்சொல் தெளிவான அரசியற் பொருளொன்றைப் பெறுகின்றது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலே ஏதென்சு நகர அரசு தன் ஆதிக்கத்துக்குட்பட்ட நட்பு நகரங்களுக்கு அனுப்பிய மேற்பார்வை அதிகாரிகளுக்கு எபிஸ்கொபொஸ் என்பதே பெயர். சின்ன ஆசியாவின் எரித்திரே நகரிலே ஆட்சிமன்றத்தை அமைக்கும் பொறுப்பு இத்தகைய அதிகாரிகளிடம் இருந்தமையைக் கல்வெட்டொன்று காட்டுகின்றது. கி.மு. 414 இல் அரங்கேறிய 'பறவைகள்' நாடகத்திலே, புதிதாகக் கட்டப்பட்ட பறவை நகரத்துக்கும் ஓர் எபிஸ்கொபொஸ் வாக்குப் பெட்டிகளோடு வந்து சேர்கின்றான்; அடித்து விரட்டப்படுகின்றான். அரிஸ்டோபனிஸின் அவையோர் அக்காட்சியைக் கண்டு நகைத்திருப்பர். அச்சிரிப்பின் காரணத்தை எமது லயத்து மக்கள் இலகுவிலே விளங்கிக்கொள்வர்.

கிரேக்க இலக்கியத்தை உற்பத்தி உறவுகளின் பின்னணியிலே நோக்கக் கற்பித்தவர் ஜோர்ஜ் தொம்சன். அவரிடம் பேர்மிங்ஹாமிலே பயின்ற கைலாசபதி அந்நோக்கினைத் தமிழ் வீரயுகப் பாடல்களின் ஆய்விலே கையாண்டமை நாம் அறிந்ததே. சமயச் சொற்களுக்கு அந்நோக்கினைப் பிரயோகிப்பதிலே எம்மிடையே ஒருவகைத் தயக்கம் இருந்து வந்துள்ளது. அத்தயக்கத்துக்குரிய நியாயத்தைப் பின்னர் கவனிப்போம்.

எபிரேயத் திருநூலைக் கிரேக்கத்திற் பெயர்த்தோர் எபிஸ்கொபொஸ் என்பதனை எங்கெங்கு கையாண்டனர் என்பது மிக முக்கியமானது. யோசியா அரசன் காலத்திலே ஆலயத்தைப் பழுதுபார்த்த தச்சரையும் கொத்தரையும் மேற்பார்த்தவர்கள் கிரேக்கப் பெயர்ப்பிலே எபிஸ்கொபொஸ்கள். ஏசாயாவின் அறுபதாம் அதிகாரத்திலே, மீட்சியுற்ற நகரத்தின் எபிஸ்கொபொஸ்கள் நீதியுடையோராய் இருப்பர் என்று கூறப்படுகின்றது. அவ்விடத்து எபிரேய மூலச் சொல் 'நோகேஸ்' என்பதன் பன்மை வடிவம். நோகேஸ் யார்? எகிப்திலே செங்கல் அறுத்த இஸ்ரவேலரைச் சவுக்கோடு நின்று வேலைவாங்கியோருக்கு யாத்திராகமம் வழங்கும் பெயரும் அதுவே. அடிமைகளை ஓட்டியவனின் பெயரை எடுத்து, வருங்காலத்திலே அவன் நீதியாக மாறுவான் என்று தீர்க்கதரிசி கூறுகின்றார். அல்லது அவன் இருந்த இடத்திலே நீதி வந்து நிற்கும் என்கின்றார். கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியளவிலே உரோமாபுரியிலிருந்து கொரிந்து சபைக்கு எழுதப்பட்ட கிளமெந்துவின் நிருபம், சபையிலே எபிஸ்கொபொஸ்களும் தியாக்கோன்களும் நியமிக்கப்பட்டமைக்கு வேத ஆதாரமாக இதே ஏசாயா வசனத்தைத்தான் எடுத்தாளுகின்றது. அதுவும் வசனத்தின் சொற்களைச் சற்றே மாற்றி. பிஷப் பதவிக்குக் காட்டப்பட்ட மிகப் பழைய வேதச் சான்றுகளுள் ஒன்றின் அடியிலே எகிப்தியக் களத்து ஆளோட்டி நிற்கின்றான்.

புதிய ஏற்பாட்டிலே இச்சொல் ஐந்தே இடங்களில் வருகின்றது. அக்காலத்துச் சபைகளிலே இது பெரும் பதவியின் பெயரன்று. காணிக்கையையும் பொதுப் பந்தியையும் ஏழைகளுக்குரிய பங்கினையும் கவனித்தவர்களையே அது குறித்திருத்தல் வேண்டும். கிரேக்கச் சங்கங்களின் நிதி மேற்பார்வையாளரோடு ஒப்பிட்டு எட்வின் ஹாட்ச் 1880 இல் ஒக்ஸ்போர்டிலே நிகழ்த்திய சொற்பொழிவுகள் இக்கருத்தினை வலியுறுத்திப் பெருஞ் சர்ச்சையைத் தோற்றுவித்தன. அவரது முடிவுகள் யாவும் இன்று ஏற்கப்படுவதில்லை எனினும், பதவிக்கு முன்னே வேலை இருந்தது என்னும் அடிப்படை அசைக்கப்படவில்லை. இரண்டாம் நூற்றாண்டிலே அந்தியோக்கியா இக்னேஷியஸின் கடிதங்களிலே ஒரு சபைக்கு ஓர் எபிஸ்கொபொஸ் என்ற நிலை வற்புறுத்தப்படுகின்றது. நான்காம் நூற்றாண்டிலே கொன்ஸ்டன்டைன் அவர்களுக்கு வழக்குத் தீர்க்கும் அதிகாரத்தையும் வழங்கினான். பேரரசின் அதிகாரியைக் குறித்த சொல் பேரரசிடமே திரும்பிச் சென்றது.

இலத்தீனிலே எப்பிஸ்கொபுஸ், போர்த்துக்கேயத்திலே பிஸ்போ, ஆங்கிலத்திலே பிஷப். ஒலி தேயத் தேயச் சொல்லின் உள்ளிருந்த பார்வை மறைந்து போயிற்று. பிஷப் என்று கூறும் எவருக்கும் கண்ணோ பார்த்தலோ நினைவுக்கு வாரா. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் ஐந்து இடங்களுள் நான்கிலே பிஷப் என்றும், அப்போஸ்தலர் நடபடிகளில் மாத்திரம் ஓவர்சீயர் என்றும் பெயர்த்துள்ளது. திருச்சபையின் பழைய சொற்களை மாற்றலாகாது என்பது அம்மொழிபெயர்ப்பாளருக்கு அரசன் ஜேம்ஸ் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. இவ்வாறு ஒரு கிரேக்கச் சொல் ஆங்கிலத்திலே இரண்டாகப் பிளவுண்டது. பிஷப் பேராலயத்திலே அமர்ந்தார். ஓவர்சீயரோ அத்திலாந்திக்கின் அப்புறத்திலே கரும்புத் தோட்டத்துக்கும் பருத்தித் தோட்டத்துக்கும் அனுப்பப்பட்டான். அங்கு அடிமைகளாயிருந்த ஆபிரிக்கருக்கு அவ்விருவரும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்று யாரும் கூறியிருக்க வாய்ப்பில்லை.

தமிழ்த் திருச்சபைகள் இப்பதவிக்கு வழங்கிய பெயர்களும் ஒருவகை வரலாற்று ஆவணங்களே. கத்தோலிக்கரின் பழைய வழக்கு மேற்றிராணியார். மலையாளத்து மெத்திரான் வழியாகச் சிரியக்குக்கும், அதனூடாகப் பெருநகரத்துத் தலைமைக் குருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் இது செல்கின்றது. தமிழ்க் காதிலே மேல் என்பதும் திராணி என்பதும் ஒலிப்பது தற்செயல் எனினும், அத்தற்செயல் அச்சொல் நிலைபெற உதவியிருக்கும். ஆயர் என்பது முல்லைநில மக்களின் தொழிற்பெயர். பேராயர் அதன் பெருக்கம். சிங்களக் கத்தோலிக்கர் 'ரதகுரு' என்பர். அரச குரு என அதற்குப் பொருள் கொள்ளலாம். அரசும் குருவும் ஒருங்கிணைந்த பெயர் இது ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது.

சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கிய அத்தியட்சர் என்னும் வடசொல்லே எமக்கு அதிக பயனுடையது. 'அதி' மேல், 'அட்சம்' கண். எபிஸ்கொபொஸ் என்பதன் உறுப்புக்கு உறுப்பான பெயர்ப்பு போலவே அது அமைந்துள்ளது. கால்டுவெல் 1877 இல் இப்பதவியைப் பெற்றபோது திருநெல்வேலிக் கிறிஸ்தவருக்கு அவர் கால்டுவெல் அத்தியட்சரானார். ஆயின் அத்தியட்சருக்கும் ஒரு பழைய தொழில் உண்டு. அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணம் முழுவதும் அத்தியட்சர்களின் கடமைகளைப் பற்றியதே. அரச நிலத்தின் உழவுக்குப் பொறுப்பான சீதாத்தியட்சன் அடிமைகளையும் கூலியாட்களையும் தண்டத்தை உழைப்பால் தீர்ப்போரையும் கொண்டு விதைப்பிக்க வேண்டும் என அந்நூல் விதிக்கின்றது. கிரேக்கம், எபிரேயம், வடமொழி என்று எத்திசையிலே சென்றாலும் மேலிருந்து பார்க்கும் கண்ணின் கீழே குனிந்த முதுகுகளே காணப்படுகின்றன. மொழிகளுக்கிடையே கடன் நிகழ்ந்ததென்று இதனைக் கொள்ளவேண்டியதில்லை. உழைப்போரின் உபரியைப் பிறர் கவரும் சமுதாயம் எங்கு தோன்றினும், கண்ணையே தொழிலாகக் கொண்ட ஒருவன் அங்கு தேவைப்படுகின்றான்.

கண்காணி என்னும் சொல்லும் அப்படிப்பட்டதே. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளிலே ஸ்ரீகாரியக் கண்காணி போன்ற தொடர்கள் வருகின்றன. கோயில் என்பது வழிபாட்டிடம் மாத்திரமன்று. நிலமும் நெல்லும் பொன்னும் குவிந்த நிலமானிய நிறுவனம். அதன் காரியங்களுக்கு மேற்பார்வை இன்றியமையாதது. ஊர்ப்புறத்திலே அறுவடைக் களத்தில் நிலவுடைமையாளனின் பங்கு குறையாது காவல் பார்த்தவனும் கண்காணியே. இப்பின்னணி இன்றித் திருமூலரை விளங்கிக்கொள்ள முடியாது. தம்மைப் பார்க்கக் கண்காணி இல்லை என்று எண்ணிக் கள்ளம் செய்வோரைப் பற்றியும், எங்கும் நிறைந்த கண்காணியாக இறைவன் நிற்பது பற்றியும் திருமந்திரம் பேசுகின்றது. களவு என்னும் கருத்து அங்கு வருவது தற்செயலன்று. களத்திலே நெல்லை ஒளிப்பவனுக்கும் கண்காணிக்கும் இடையிலான உறவே அங்கு ஆன்மாவுக்கும் இறைவனுக்கும் இடையிலான உறவாக மாற்றப்படுகின்றது. நெல்லை ஒளிப்பவன் ஏன் ஒளிக்கின்றான் என்று திருமூலர் கேட்கவில்லை. அது அவரது கேள்வியும் அன்று. எமது கவனத்துக்குரியது யாதெனில், கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளருக்கு நெடுங்காலம் முன்பே தமிழிலே இறைவன் கண்காணி ஆகிவிட்டான் என்பதாகும்.

பவர் தலைமையிலான குழுவின் தமிழ் வேதாகமம் 1871 இல் வெளிவந்தது. சிற்சில திருத்தங்களோடு அதுவே சீர்திருத்தத் திருச்சபையினரின் பொது வேதாகமமாக நிலைத்தது. அதிலே எபிஸ்கொபொஸ் வரும் ஐந்து இடங்களிலும் கண்காணி என்றே உள்ளது. ஆங்கிலம் செய்த பிளவைத் தமிழ் செய்யவில்லை. பிலிப்பி சபையின் தலைவர்களும் கண்காணிகள், எபேசு மூப்பர்களும் கண்காணிகள், கிறிஸ்துவும் கண்காணி. மூலத்துக்கு இத்துணை நேர்மையாக நின்ற பெயர்ப்பு 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் இல்லை என்று துணிந்து கூறலாம். அதேவேளை, எகிப்தின் கொடியோரைக் குறிக்க அவ்வேதாகமம் 'ஆளோட்டி' என்ற சொல்லைக் கையாள்கின்றது. எபிரேயத்தின் நோகேஸ் யாத்திராகமத்திலே ஆளோட்டியாகவும், ஏசாயாவிலே தண்டற்காரனாகவும் பெயர்க்கப்பட்டுள்ளான். ஆளோட்டி வேறு, கண்காணி வேறு. சென்னையிலிருந்து நோக்குவோருக்கு இவ்வேறுபாடு தெளிவாகவே தோன்றியிருக்கும். இவ்வேதாகமத்தின் வரலாற்றினை 1967 இல் நூலாக்கிய சபாபதி குலேந்திரன் தாமே 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயரானவர். வேதாகமத் தமிழிலே சொல்வதாயின், ஒரு கண்காணி.

இலங்கையின் மலைகளிலே அவ்வேறுபாடு நிற்கவில்லை. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் முதலிலே கண்ட மலைநாட்டு நகரம் மாத்தளை. நடந்து முடிக்காது வழியிலே மாண்டோர் பலர். அவர்களை ஊரிலே திரட்டி, முன்பணம் கொடுத்து, முன்னின்று நடத்தி வந்தவன் கங்காணி. இவ்விடத்திலே கண்காணி என்ற எழுத்து வழக்கு கங்காணி என்ற பேச்சு வழக்காயிற்று. ஒலியிலே நேர்ந்த மாற்றம் சிறிது, தொழிலிலே நேர்ந்த மாற்றம் பெரிது. பழைய கண்காணி பிறருடைய நெல்லைப் பார்த்தான். தோட்டத்துக் கங்காணி ஆள் சேர்ப்பவன், கடன் கொடுப்பவன், வேலை வாங்குபவன், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலே நிற்கும் ஒரே வாய். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு உண்டு. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமாயின் அவனது கடன் தீர்ந்தமைக்கு அல்லது தீர்க்கப்படுவதற்குச் சான்றாகத் 'துண்டு' வேண்டும். துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921 இல். கடன் அதனோடு ஒழியவில்லை என்பதைப் பழைய தலைமுறையினர் நன்கறிவர். பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்ற அடுக்கு வேறு. மாரியம்மன் திருவிழாவிலே முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு. இம்முறை மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலும் வேரூன்றியது.

இச்சொல் தோட்டத்தோடுதான் இலங்கைக்கு வந்தது என்று கருதுதல் தவறு. போர்த்துக்கேய, ஒல்லாந்தர் காலத்துக் கரையோரப் படைப்பிரிவுகளிலே முதலியார், முகாந்திரம், ஆராச்சி ஆகியோருக்குக் கீழே கங்காணி ஒரு தரம். கங்கானம்கே என்ற சிங்களக் குடும்பப் பெயர் இன்றும் பரவலாக உள்ளது. அதனைத் தாங்கும் பலர் அது தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததென்பதை அறியார்.

1854 ஆம் ஆண்டு, தோட்டத்துரைமாரின் முன்முயற்சியாலும் அவர்களது சந்தாப் பணத்தாலும், தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரிலேயே சர்ச் மிஷனரிச் சங்கத்தின் பணி தோட்டங்களிலே தொடங்கியது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். அதே திருநெல்வேலியிலிருந்து கூலிகளும் வந்தனர். 1871 க்குப் பின்னர் உபதேசியாரின் கையிலிருந்த வேதாகமத்திலும், பிரட்டுக்களத்திலும் ஒரே சொல் வழங்கியது. இச்சந்திப்பை எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் திட்டமிடவில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை இந்நிலையிலே வாசித்துப் பார்த்தல் வேண்டும். கண்காணியாக இருப்பவன் எப்படிப்பட்டவனாக இருக்கலாகாது என அங்கு ஒரு பட்டியல் உண்டு. குடிகாரனாக இருக்கலாகாது; பிறரை அடிப்பவனாக இருக்கலாகாது; பணத்தாசை பிடித்தவனாக இருக்கலாகாது. ஐரோப்பிய உரைகாரர் சிலருக்கு இப்பட்டியல் சங்கடத்தைத் தந்துள்ளது. ஒரு பிஷப் மனிதரை அடிக்கலாகாது என்று ஏன் கூறவேண்டும்? பிஷப் என்ற சொல்லோடு வாசிப்பவருக்கு எழும் சங்கடம் அது. கங்காணி என்ற சொல்லோடு வாசிப்பவருக்கு இதிலே விளங்காதது எதுவுமில்லை. குடி, அடி, காசு: மலையக நாட்டார் பாடல்கள் கங்காணிமீது சுமத்தும் குற்றச்சாட்டுகளும் இவையே. சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் சேகரித்த பாடல்களைப் பயின்றோர் இதனை நன்குணர்வர். நிருபத்தை எழுதியவரின் காலத்திலே அடிமைகளை மேய்த்த மேற்பார்வையாளரை யாவரும் கண்டிருந்தனர். அத்தகையோனாகச் சபையின் மேற்பார்வையாளன் ஆகிவிடலாகாது என்ற அச்சம் அப்பட்டியலிலே தொனிப்பதாகக் கொள்வதே பொருத்தமானது. இவ்வச்சத்தை நூலறிவின் துணையின்றி நேரே உணரக்கூடிய வாசகர் உலகில் இருந்தனர் என்றால், அவர்கள் இலங்கையினதும் மலாயாவினதும் லயங்களிலே இருந்தனர்.

இத்தகைய வாசிப்பை இன்று மொழிபெயர்ப்பே தடுக்க முற்படுகின்றது என்பது எமது முறைப்பாடு. 1995 இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பிலே கண்காணி மறைந்து கண்காணிப்பாளர் தோன்றியுள்ளார். மொழிநடை நவீனமாவதை நாம் எதிர்க்கவில்லை. அம்மொழிபெயர்ப்பின் தமிழ் பல இடங்களிலே பழையதைவிடச் செம்மையானது என்பதையும் மறுக்கவில்லை. ஆயின் 'பாளர்' என்ற ஈற்றோடு ஒரு கந்தோரும் கதிரையும் வந்துவிடுகின்றன. கண்காணிப்பாளர் கோப்புகளைப் பார்ப்பவர். நிரையிலே நின்று முதுகுகளைப் பார்ப்பவரல்லர். கங்காணி என்பது இழிந்த சொல், தோட்டத்தின் அழுக்குப் படிந்த சொல், அது திருநூலில் இருத்தல் தகாது என்ற எண்ணம் இம்மாற்றத்தின் பின்னே இருந்திராவிடினும், இம்மாற்றத்தை வரவேற்போர் பலரிடம் உள்ளது. ரிவர்ஸ்டன் அடிவாரத்து உபதேசியாரிடமும் அதுவே இருந்தது. அழுக்கு படிந்தது தோட்டத்தில் அன்று. எரித்திரேயிலும் எகிப்திலும் அது படிந்தே இருந்தது. மேலான அர்த்தம் என அவர் கூறியது உண்மையிலே பிந்திய அர்த்தம்.

எமது அணியைச் சேர்ந்த சிலரது வாதத்தையும் இவ்விடத்திலே கவனித்தல் தகும். துரைமாரின் சந்தாவிலே நடந்த மிஷன், கடவுளையே கங்காணியாக்கித் தொழிலாளியின் மனத்துள்ளும் ஒரு கங்காணியை நிறுத்தியது. இதற்கு மேல் ஆராய எதுவுமில்லை என்பர் அவர்கள். இவ்வாதத்தின் பாதியை ஏற்கின்றோம். மனத்துள் நிற்கும் கங்காணிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பதைத் துரைமார் அறியாதிருக்கவில்லை. ஆனால் சமயத்தை அபினோடு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே இடத்திலே அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் கண்டார் என்பதை எமது நண்பர்கள் மறந்துவிடுகின்றனர். ஆதிக்கத்தின் சொல்லை ஆதிக்கத்துக்கு உட்பட்டோர் எவ்வாறு கேட்கின்றனர் என்பது சொல்லை வழங்கியோரின் கையில் முழுவதும் இல்லை. மூதாட்டியின் கூற்று இதற்குச் சான்று. அவர் கடவுளைக் கங்காணியாகக் கண்டு அஞ்சவில்லை. கங்காணியைக் கடவுளோடு நிறுத்தி நிறுத்தார். நிறை குறைந்தது கங்காணிக்கு. அரைப்பேர் போடாத கங்காணி ஒருவர் இருக்க முடியும் என்றால், அரைப்பேர் இயற்கை நியதி ஆகாது. இதனை வர்க்க உணர்வு என்று அழைத்துவிட நாம் அவசரப்படவில்லை. அதற்கு முந்திய ஏதோவொன்று அது; ஒப்பிடும் துணிவு என்று வேண்டுமாயின் கூறலாம். சமயச் சொற்களை ஆராய்வதற்கு எம்மிடையே நிலவிய தயக்கம் இத்தகைய கூற்றுகளைச் செவிமடுக்கத் தவறியமையிலிருந்து எழுந்தது என்றே எண்ணத் தோன்றுகின்றது.

எனினும் அவ்வேதப்பகுதியின் மறுபக்கத்தை மறைத்துவிட்டு அதனைப் போற்றுதல் ஆய்வு நேர்மையாகாது. கிறிஸ்துவைக் கண்காணி என்னும் அவ்வசனம் தனித்து நிற்பதன்று. பதினெட்டாம் வசனத்திலே தொடங்கும் ஓர் அறிவுரையின் இறுதி வசனம் அது. அவ்வறிவுரை யாருக்கு? வீட்டு வேலை செய்யும் அடிமைகளுக்கு. நல்ல எசமானருக்கு மாத்திரமன்றி முரட்டு எசமானருக்கும் பணிந்திருக்க வேண்டும், குற்றமின்றி அடிபட்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கிறிஸ்து பட்ட பாடுகள் அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகின்றன. அதன் முடிவிலேதான் மேய்ப்பரும் கண்காணியுமானவர் வருகின்றார். அடிபட்டோருக்கு அடிக்காத கண்காணி ஒருவர் ஆறுதலாக வழங்கப்படுகின்றார். அடிப்பவன் இருந்த இடத்திலேயே இருக்கின்றான். ஒரே வசனம் பணிவையும் கற்பிக்கின்றது, எசமானின் மேற்பார்வைக்கு மேலே இன்னொரு மேற்பார்வையையும் நிறுவுகின்றது. இவ்விரண்டில் எது கேட்பவரின் காதிலே விழும் என்பது, அதிகாரத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குகின்றோம் என்பதையும் பொறுத்திருக்கின்றது.

அன்று மாலை அந்த லயக் காம்பராவிலே உபதேசியார் வாசித்தது இருபத்தோராம் வசனத்திலிருந்து. பதினெட்டாம் வசனத்தை யாரும் வாசிக்கவில்லை.